டேட்டாபேஸின் குறைந்தபட்சப் பதிப்பு: அந்த எண் எங்கிருந்து வருகிறது?

“மரியாடிபி 10.5 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு தேவை, இருப்பது 10.4.32.” பைத்தானில் வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோ சட்டகத்தைக் கற்றுக்கொள்ள உட்காரும் பலர் முதல் நாளே வந்து முட்டி நிற்கும் செய்தி இது. வலை சர்வரையும் டேட்டாபேஸையும் ஒன்றாக நிறுவித் தரும் எக்ஸாம்ப் தொகுப்பின் 8.2.12-ஐ நிறுவினால், அதோடு கூடவே வருவது மரியாடிபி என்ற டேட்டாபேஸின் 10.4.32 பதிப்பு. பைத்தான் பொதிகளை இறக்கும் பிப் கருவி மூலம் வரும் ஜாங்கோவோ 5.1 அல்லது 5.2 போன்ற புதிய பதிப்பு. இரண்டும் ஒரே கணினியில் எந்தக் குறையும் இல்லாமல் நிறுவப்பட்டிருக்கும். ஆனால் டேபிள்களை உருவாக்கும் மைக்ரேட் கட்டளையைக் கொடுத்ததும் வேலை அங்கேயே நின்றுவிடும்.

தேடினால் ஒரு குறுக்குவழி உடனே கிடைக்கும். பதிப்பைச் சரிபார்க்கிற ஃபங்ஷனை ஒன்றுமே செய்யாத வெற்று ஃபங்ஷனாக மாற்றிவிடலாம் என்பார்கள். மாற்றினால் முதல் பிழை போய்விடும், அடுத்த பிழை வரும்: ‘ரிட்டர்னிங்’ என்ற சொல்லுக்கு அருகில் எஸ்க்யூஎல் இலக்கணம் தவறு என்று மரியாடிபியே சொல்லும்.

இந்த இரண்டாவது பிழையில்தான் விஷயம் இருக்கிறது. டேபிளில் ஒரு புதிய வரிசையைச் சேர்த்தவுடன் அதன் அடையாள எண்ணை அதே க்வெரியில் திருப்பித் தரும் ‘இன்சர்ட் ரிட்டர்னிங்’ வசதி மரியாடிபிக்கு 10.5-இல்தான் வந்தது. ஜாங்கோ 5.0 வரை நிரலுக்குள் ஒரு கேள்வி இருந்தது: “இது மரியாடிபியா? ஆமென்றால், 10.5 அல்லது அதற்கு மேலா?” ஜாங்கோ 5.1 தன் குறைந்தபட்சத்தை 10.5-க்கு உயர்த்தியதும் கேள்வியின் பின்பாதி தேவையற்றதாகிவிட்டது, எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு மரியாடிபி என்றாலே ரிட்டர்னிங் உண்டு என்று நிரல் நம்புகிறது. வாசலில் இருக்கும் காவலரை அப்புறப்படுத்தினாலும், உள்ளே வீடு முழுக்க அந்த நம்பிக்கையின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

ஆக, குறைந்தபட்சப் பதிப்பு என்பது யாரோ மனம்போனபடி போட்ட தடை இல்லை. அது எங்கிருந்து வருகிறது, அதை உயர்த்தினால் யாருக்கு என்ன ஆகும், சொந்தத் திட்டத்துக்கு ஒருவர் எப்படி அந்த எண்ணை நிர்ணயிக்கலாம் என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

‘ஆதரவு’ என்ற சொல்லின் பொருள்

ஒரு மென்பொருள், தான் இயங்குவதற்கு வேறொரு மென்பொருளை நம்பியிருந்தால் அதைச் சார்பு அல்லது டிபென்டன்சி என்கிறோம். டேட்டாபேஸ் விஷயத்தில் சார்பு இரண்டு அடுக்காக இருக்கும். ஒன்று, டேட்டாபேஸ் சர்வர். இன்னொன்று, நிரலுக்கும் சர்வருக்கும் நடுவில் பேசும் டிரைவர். பைத்தானில் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸுக்கு சைகோபிஜி அப்படிப்பட்ட டிரைவர். டிரைவரை பிப் ஒரே நொடியில் புதுப்பித்துவிடும். சர்வரை அப்படிப் புதுப்பிக்க முடியாது. அதில் பல வருடத் தரவு உட்கார்ந்திருக்கிறது. பல நேரம் அது இன்னொருவர் பொறுப்பில் இருக்கிறது. மற்ற சார்புகளை உயர்த்துவதுபோல டேட்டாபேஸை உயர்த்த முடியாததற்கு இதுதான் காரணம்.

‘ஆதரிக்கிறோம்’ என்று ஒரு திட்டம் சொன்னால் மூன்று வெவ்வேறு விஷயங்களில் எதை வேண்டுமானாலும் அது குறிக்கலாம்:

1. இயங்கக்கூடும்: யாரோ ஓட்டிப் பார்த்தார், ஓடியது.
2. சோதிக்கிறோம்: நிரலில் ஒவ்வொரு மாற்றம் வரும்போதும் அந்தப் பதிப்பின் மேல் தானியங்கிச் சோதனைகள் ஓடுகின்றன.
3. பொறுப்பேற்கிறோம்: அந்தப் பதிப்பில் மட்டும் வருகிற பிழை என்றாலும் எடுத்துச் சரிசெய்வோம்.

இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தால்தான் ஆதரவு. ஆவணத்தில் ஒரு பதிப்பு எண்ணை எழுதிவைத்துவிட்டு, அதில் ஒருமுறைகூடச் சோதனை ஓட்டாமல் இருப்பது வாசகரை ஏமாற்றுவது. பல சிறிய திட்டங்களின் ஆவணங்களில் இருக்கும் எண் அப்படிப்பட்டதுதான்: என்றோ ஒருநாள் திட்டத்தைத் தொடங்கியவர் கணினியில் என்ன இருந்ததோ, அது.

பதிப்பு எண்ணை எப்படி வாசிப்பது

போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், மரியாடிபி, எஸ்க்யூலைட் ஆகிய நான்கு டேட்டாபேஸ்களும் நான்கு விதமாக எண் போடுகின்றன. இதைப் புரிந்துகொள்ளாமல் குறைந்தபட்சம் எழுதினால் தவறான இடத்தில் கோடு விழும்.

போஸ்ட்கிரெஸில் 2017-இல் வந்த பதிப்பு 10 முதல், முதல் எண்தான் பெரிய பதிப்பு. அதற்கு முன்பு 9.5, 9.6 என்று இரண்டு எண்களும் சேர்ந்துதான் ஒரு பெரிய பதிப்பு. பெரிய பதிப்பு ஆண்டுக்கு ஒன்று வரும், ஐந்து ஆண்டுகள் திருத்தங்கள் கிடைக்கும். புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணில் புதிய வசதி எதுவும் சேராது. பிழைத் திருத்தம் மட்டுமே. இவ்வளவு ஒழுங்கான நாட்காட்டி டேட்டாபேஸ் உலகில் அபூர்வம்.

அந்தப் புள்ளிக்குப் பின்னுள்ள எண்ணும் சில நேரம் உயிர்போகிற விஷயமாகிவிடும். போஸ்ட்கிரெஸ் 14.0 முதல் 14.3 வரை, டேபிளைப் பூட்டாமல் இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் பட்டியல்) உருவாக்கும் ‘கன்கரன்ட்லி’ கட்டளையில் ஒரு பிழை இருந்தது. உருவாகும் இண்டெக்ஸில் சில வரிசைகள் விடுபட்டுப் போகலாம். பிழைச் செய்தி வராது. டேபிளில் இருக்கும் வரிசை, தேடினால் கிடைக்காது. 2022 ஜூனில் வந்த 14.4 அதைச் சரிசெய்தது. அந்தக் கட்டளையைத் தன் மைக்ரேஷன்களில் (டேபிள் அமைப்பை மாற்றும் நிரல்களில்) பயன்படுத்துகிற திட்டம் வெறுமனே ‘14’ என்று எழுதக் கூடாது, ‘14.4’ என்றுதான் எழுத வேண்டும்.

மைஎஸ்க்யூஎல் 8.0 இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டது. மூன்றாவது எண் மாறும்போதே புதிய வசதிகள் சேர்ந்தன. இதற்கு மிக நல்ல உதாரணம் ‘செக்’ கட்டுப்பாடு. ஒரு கடையின் சரக்கு டேபிளில் ‘கையிருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது’ என்று செக் போட்டு டேபிளை உருவாக்குகிறீர்கள். மைஎஸ்க்யூஎல் 5.7 அந்த வரியை வாசிக்கும், ஏற்றுக்கொள்ளும், அப்புறம் அப்படியே மறந்துவிடும். அடுத்த வரியில் கையிருப்பாக மைனஸ் 5 கொடுத்தால் எந்த மறுப்பும் இல்லாமல் உள்ளே போகும். 8.0.15 வரைக்கும் இதே நிலைதான். 2019 ஏப்ரலில் வந்த 8.0.16-இலிருந்துதான் செக் உண்மையிலேயே தடுக்கிறது.

ஜாங்கோ 5.0-இன் குறைந்தபட்சம் மைஎஸ்க்யூஎல் 8.0.11. பொதுப் பயன்பாட்டுக்கு வந்த முதல் 8.0 பதிப்பு அதுதான் என்பதால் அந்த எண். அப்படியானால் 8.0.11 முதல் 8.0.15 வரை ‘ஆதரிக்கப்படும்’ பதிப்புகளே, ஆனால் செக் வேலை செய்யாது. அந்த இடைவெளியில் ஜாங்கோ ஒரு எச்சரிக்கையைக் காட்டிவிட்டு, செக்கை உருவாக்காமல் விட்டுவிடுகிறது. குறைந்தபட்சத்துக்கு மேலே இருப்பதால் எல்லா வசதியும் உண்டு என்று எண்ணிவிடக் கூடாது.

மரியாடிபியில் 10.5, 10.6 என்று இரண்டு எண்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அதிலும் எல்லாத் தொடர்களுக்கும் ஒரே ஆயுள் இல்லை, 10.6, 10.11, 11.4 போன்றவை நீண்டகால ஆதரவுத் தொடர்கள், நடுவில் வந்தவை சீக்கிரம் போய்விடும். எஸ்க்யூலைட்டின் கதை தனி. அது சர்வரே இல்லை, நிரலோடு இணைகிற நூலகம். எந்தப் பதிப்பு என்பதை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. உங்கள் லினக்ஸ் விநியோகமோ பைத்தானைக் கட்டியவரோ தேர்ந்தெடுத்திருப்பார்.

உயர்த்த வேண்டிய நிலை ஏன் வருகிறது

காரணங்களில் முதலாவது, டேட்டாபேஸைத் தயாரிப்பவரே கைவிடுவது. மைஎஸ்க்யூஎல் 5.7-க்கு ஆதரவு 2023 அக்டோபரோடு முடிந்தது. போஸ்ட்கிரெஸ் 11-க்கு 2023 நவம்பர், 12-க்கு 2024 நவம்பர், 13-க்கு 2025 நவம்பர். தயாரித்தவரே பாதுகாப்புத் திருத்தம் தராத ஒன்றை ‘நாங்கள் ஆதரிக்கிறோம்’ என்று மேலே உட்கார்ந்திருக்கும் திட்டம் சொன்னால், அதில் பாதி பொய்.

இரண்டாவது, நிரலுக்கே ஒரு வசதி தேவைப்படுவது. ‘ஸ்கிப் லாக்ட்’ என்ற வசதியை எடுத்துக்கொள்வோம். பின்னணி வேலைகளை ஒரு டேபிளில் வரிசையாகப் போட்டு, பல வொர்க்கர்கள் ஆளுக்கு ஒன்றாக எடுத்துச் செய்கிறார்கள். முதல் வரிசையை ஒரு வொர்க்கர் பூட்டியிருந்தால், இன்னொருவர் காத்திருக்காமல் அதைத் தாண்டி அடுத்த வரிசையை எடுத்துக்கொள்ள இந்த வசதி வேண்டும். இது போஸ்ட்கிரெஸ் 9.5-இல் வந்தது, மைஎஸ்க்யூஎல்லில் 8.0-இல், மரியாடிபியில் 10.6-இல். இது இல்லாவிட்டால் எல்லா வொர்க்கரும் ஒரே வரிசையின் முன்னால் நிற்பார்கள். ரெயில்ஸ் சட்டகத்தின் பின்னணி வேலைக் கருவியான சாலிட் கியூ, டேட்டாபேஸில் இந்த வசதி இருந்தால் அதைப் பயன்படுத்திக்கொள்கிறது. இது இல்லாமல் முடியாது என்று எழுதப்படும் நிரலில் குறைந்தபட்சத்தை முடிவு செய்வது நாட்காட்டி அல்ல, வடிவமைப்பு.

மூன்றாவதைப் பயனர்கள் பெரும்பாலும் பார்ப்பதில்லை: சோதனைச் சுமை. போஸ்ட்கிரெஸ் 14 முதல் 18 வரை ஐந்து பதிப்பு, மைஎஸ்க்யூஎல் 8.0, 8.4 என இரண்டு, மரியாடிபியில் நான்கு, எஸ்க்யூலைட்டில் மிகப் பழையதும் மிகப் புதியதும் என இரண்டு: மொத்தம் 13. நான்கு பைத்தான் பதிப்புகளோடு பெருக்கினால் 52 சேர்க்கைகள். ஒரு ஓட்டத்துக்கு 15 நிமிடம் என்றால் ஒரே ஒரு மாற்றத்துக்கு 13 மணி நேரக் கணினி நேரம். அதனால் பெரும்பாலான திட்டங்கள் இரண்டு ஓரங்களை மட்டும் சோதிக்கும்: ஆதரிப்பதில் மிகப் பழையது, மிகப் புதியது. இது நியாயமான சமரசம். ஆனால் மிகப் பழையதைச் சோதிப்பதை மட்டும் விடவே கூடாது. உருவாக்குநர்கள் அனைவரும் தங்கள் கணினியில் புதிய பதிப்பைத்தான் வைத்திருப்பார்கள். பழையதில் உடைவது அவர்கள் கண்ணில் தானாகப் படாது.

உயர்த்தினால் யாருக்கு வலி

உருவாக்குநருக்கு அது ஆவணத்தில் ஒரு எண்ணை மாற்றும் வேலை. பயனருக்கு அப்படியில்லை.

லினக்ஸ் விநியோகங்களின் ஆயுளும் டேட்டாபேஸ்களின் ஆயுளும் பொருந்துவதில்லை. ரெட் ஹேட் 9-இல் இயல்பாக வரும் போஸ்ட்கிரெஸ் 13. அந்த விநியோகத்துக்கு 2032 வரை ஆதரவு உண்டு. போஸ்ட்கிரெஸ் 13-க்கோ மூலத் திட்டத்தில் 2025 நவம்பரோடு முடிந்தது. உபுண்டு 22.04-இல் வருவது போஸ்ட்கிரெஸ் 14. மூலத்தில் அதன் ஆயுள் 2026 நவம்பர் வரை, உபுண்டுவின் வழக்கமான ஆதரவு 2027 வரை. இடைப்பட்ட காலத்தில் விநியோகக்காரர்களே முக்கியமான திருத்தங்களைப் பின்னோக்கிக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். எனவே ‘செத்துப்போன பதிப்பை வைத்திருக்கிறார்களே’ என்று பயனரைக் குறை சொல்வது சரியல்ல. அவர் தன் விநியோகத்தை நம்பி, சரியாகத்தான் நடந்திருக்கிறார்.

எஸ்க்யூலைட்டில் இது இன்னும் கூர்மை. குரோமா என்கிற வெக்டர் டேட்டாபேஸ் எஸ்க்யூலைட் 3.35 வேண்டும் என்கிறது. டெபியன் 11-இல் இருப்பது 3.34.1. மயிரிழையில் தவறுகிறது. செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்காக குரோமாவை நிறுவியவர்கள், தாங்கள் நிறுவியதாகவே நினைக்காத ஒரு நூலகத்தின் பதிப்பு போதாது என்ற செய்தியைக் கண்டு திகைத்தது இப்படித்தான். எஸ்க்யூலைட்டைத் தனியே பைத்தான் பொதியாகக் கொண்டுவந்து மாற்றுவது அவர்கள் கண்டுபிடித்த வழி.

கிளவுடில் வலி பணமாக வரும். அமேசானின் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸில் ஆயுள் முடிந்த பெரிய பதிப்பைத் தொடர்ந்து ஓட்டினால் நீட்டித்த ஆதரவுக் கட்டணம் உண்டு. மைஎஸ்க்யூஎல் 5.7-க்கு 2024 மார்ச் 1-இலும் போஸ்ட்கிரெஸ் 11-க்கு அதே ஆண்டு ஏப்ரல் 1-இலும் அது தொடங்கியது. அமெரிக்கக் கிழக்கு மண்டலத்தில் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு விசிபியுவுக்கு (மெய்நிகர் செயலிக்கு) மணிக்கு 0.10 டாலர். இரண்டு விசிபியு கொண்ட சிறிய சர்வருக்கே 30 நாளைக்கு 144 டாலர் கூடுதல். மூன்றாம் ஆண்டில் அது இரட்டிப்பு. ஆக, ஒரு திட்டம் பழைய பதிப்பை ஆதரித்துக்கொண்டே இருப்பது பயனரைக் காப்பாற்றுவதாக ஆகாது. சில நேரம் அவர் மாறுவதைத் தள்ளிப்போட்டு பில்லை ஏற்றுகிறது.

அடுத்தது உயர்த்தும் வேலையே. போஸ்ட்கிரெஸில் ஒரு பெரிய பதிப்பின் தரவுக் கோப்புகளை அடுத்த பெரிய பதிப்பு நேரடியாகத் திறக்காது. பிஜி-அப்கிரேடு கருவியை ஓட்ட வேண்டும், அல்லது தரவு முழுவதையும் டம்ப் எடுத்து (தனிக் கோப்பாக வெளியே எழுதி) மறுபடி ஏற்ற வேண்டும். மைஎஸ்க்யூஎல் 5.7-இலிருந்து 8.0-க்கு அதே இடத்தில் ஏறலாம், ஆனால் திரும்பி இறங்க முடியாது. பேக்கப் இல்லாமல் ஏறுவது தற்கொலை.

டேட்டாபேஸை உயர்த்தும் சாக்கில் லினக்ஸையும் சேர்த்து மாற்றுபவர்களுக்கு இன்னொரு குழி. போஸ்ட்கிரெஸ் எழுத்துகளை வரிசைப்படுத்த வழக்கமாக இயங்குதளத்தின் சி நூலகத்தை நம்புகிறது. அந்த நூலகத்தின் 2.28 பதிப்பில் வரிசை விதிகள் பெரிதாக மாறின. டெபியன் 9-இலிருந்து 10-க்கோ, ரெட் ஹேட் 7-இலிருந்து 8-க்கோ தரவுக் கோப்பகத்தை அப்படியே எடுத்துச் சென்றவர்களின் எழுத்து இண்டெக்ஸ்கள் பழைய வரிசையிலேயே இருந்தன, தேடலோ புதிய வரிசைப்படி நடந்தது. விளைவு, இருக்கும் பெயரை ‘இல்லை’ என்கிறது. தனித்தன்மை விதி இருந்தும் ஒரே பெயர் இரண்டு முறை உள்ளே போகிறது. எழுத்து இண்டெக்ஸ்களை மறுபடி கட்டினால்தான் சரியாகும். குறைந்தபட்சத்தை உயர்த்தும் ஒவ்வொரு வெளியீட்டுக் குறிப்பிலும் இந்த எச்சரிக்கைக்கு ஒரு வரி ஒதுக்கலாம்.

மூன்று திட்டங்கள், மூன்று வழிகள்

ஜாங்கோ நாட்காட்டியைப் பார்க்கிறது. போஸ்ட்கிரெஸ் விஷயத்தில் அதன் பழக்கம் வெகு சீரானது. ஜாங்கோ 4.1 வெளிவந்தது 2022 ஆகஸ்ட், போஸ்ட்கிரெஸ் 10 விடப்பட்டது. அதன் ஆயுள் அந்த நவம்பரில் முடிய இருந்தது. 4.2 வந்தது 2023 ஏப்ரல், 11 விடப்பட்டது. முடிவு அந்த நவம்பர். 5.1 வந்தது 2024 ஆகஸ்ட், 12 விடப்பட்டது. 5.2 வந்தது 2025 ஏப்ரல், 13 விடப்பட்டது. ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸ் இன்னும் உயிரோடு இருக்கும்போதே விட்டிருக்கிறார்கள். முதல் பார்வைக்கு அவசரமாகத் தெரியும். ஆனால் ஒரு ஜாங்கோ வெளியீட்டுக்கு அடுத்தது வர சுமார் எட்டு மாதம். அந்த எட்டு மாதத்துக்குள் ஆயுள் முடிகிற டேட்டாபேஸுக்கு இன்று வாக்குக் கொடுத்தால், வெளியீட்டின் நடுவழியில் வாக்கு வெற்றாகிவிடும். ஆக, பார்க்க வேண்டிய தேதி வெளியீடு தொடங்கும் நாள் அல்ல, அது முடியும் நாள். இது மிகச் சரியான அணுகுமுறை. தவிர, ‘மூலத்தில் ஆதரவு இந்த மாதம் முடிகிறது’ என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே தேதியோடு எழுதிவிடுகிறார்கள். கேள்வி கேட்பவருக்கு அதுவே பதில்.

வேர்ட்பிரஸ் பயனரைப் பார்க்கிறது. அதன் பயனர் பெரும்பாலும் பகிர்வு ஹோஸ்டிங்கில் இடம் வாங்கியவர். டேட்டாபேஸ் பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவரிடம் இல்லை. அதனால் 2024 ஏப்ரலில் 6.5 வரும்வரை அதன் குறைந்தபட்சம் மைஎஸ்க்யூஎல் 5.0. 6.5-இல்தான் 5.5.5 ஆனது. மைஎஸ்க்யூஎல் 5.5-க்கே 2018 டிசம்பரோடு ஆயுள் முடிந்துவிட்டது என்பதை நினைத்தால் இது எவ்வளவு தாராளம் என்று புரியும்.

இந்தத் தாராளத்துக்கு ஒரு விலை உண்டு; தமிழில் எழுதுபவர்களுக்கு அது நேரடியாகத் தெரியும். பழைய மைஎஸ்க்யூஎல்லின் ‘யுடிஎஃப்8’ ஓர் எழுத்துக்குறிக்கு அதிகபட்சம் மூன்று பைட் மட்டுமே தரும். தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றுக்கும் யுடிஎஃப்-8-இல் சரியாக மூன்று பைட். எனவே தமிழ்ப் பதிவு நன்றாகவே சேமிக்கப்படும். பதிவின் நடுவில் ஒரு எமோஜி வைத்தால், அதற்கு நான்கு பைட் வேண்டும், இடமில்லை. நான்கு பைட் தருகிற ‘யுடிஎஃப்8எம்பி4’ மைஎஸ்க்யூஎல் 5.5.3-இல் வந்தது. வேர்ட்பிரஸ் 2015 ஏப்ரலில் 4.2 வெளியீட்டில் அதற்கு மாறியது. ஆனால் குறைந்தபட்சம் 5.0-இலேயே இருந்ததால், ‘இந்த சர்வருக்கு நான்கு பைட் தெரியுமா?’ என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் மாற முடிந்தது. இண்டெக்ஸ் நீளமும் அப்போதுதான் 191 எழுத்தாகச் சுருங்கியது. மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபியின் பழைய எல்லை 767 பைட். மூன்றால் வகுத்தால் 255, நான்கால் வகுத்தால் 191. வேர்ட்பிரஸ் நிரலில் 191 என்ற விசித்திர எண்ணைப் பார்த்துக் குழம்பியவர்களுக்கு விடை இதுதான்.

நிரல்களைச் சேமித்துக் கூட்டாக வேலை செய்ய உதவும் கிட்லேப் வேறு பாதையில் போனது. 2019 ஜூலையில் வந்த 12.1-இல் மைஎஸ்க்யூஎல்லையே விட்டுவிட்டு போஸ்ட்கிரெஸ் ஒன்றோடு நின்றுகொண்டது. கிட்லேப் 16-க்கு போஸ்ட்கிரெஸ் 13, 17-க்கு 14, 18-க்கு 16 என்று பெரிய வெளியீடுகளில் மட்டும் உயர்த்துகிறது. அதன் அதிகாரப்பூர்வப் பொதிக்குள் போஸ்ட்கிரெஸும் சேர்ந்தே வருவதால் பலருக்குச் சுமை தெரிவதில்லை. டேட்டாபேஸைத் தானே சுமந்து வரும் திட்டத்துக்குத்தான் இந்தத் துணிச்சல் பொருந்தும்.

சொந்தத் திட்டத்துக்கு எண் குறிப்பது

ஒரு சிறிய திட்டம் 2026 மே மாதம் ஒரு வெளியீட்டைத் தந்து, ஓராண்டு ஆதரவு தருவதாக வைத்துக்கொள்வோம். கேட்க வேண்டிய கேள்விகள் இந்த வரிசையில்:

1. ஆதரவு முடியும் நாள் எது? 2027 மே. அதற்குள் ஆயுள் முடியும் பதிப்புகள்: மைஎஸ்க்யூஎல் 8.0 (2026 ஏப்ரல்), மரியாடிபி 10.6 (2026 ஜூலை), போஸ்ட்கிரெஸ் 14 (2026 நவம்பர்). நாட்காட்டி மட்டும் சொன்னால் கோடு மைஎஸ்க்யூஎல் 8.4, மரியாடிபி 10.11, போஸ்ட்கிரெஸ் 15.

2. பயனரிடம் இருப்பது என்ன? டெபியன் 12-இல் போஸ்ட்கிரெஸ் 15-உம் மரியாடிபி 10.11-உம் இருக்கின்றன, பிரச்சினை இல்லை. உபுண்டு 22.04-இல் போஸ்ட்கிரெஸ் 14. உபுண்டு 24.04-இலோ மைஎஸ்க்யூஎல் 8.0, அந்த உபுண்டுவுக்கு 2029 வரை ஆதரவு உண்டு. இங்கே நாட்காட்டியும் நடைமுறையும் மோதுகின்றன.

3. புதிய பதிப்பிலிருந்து நிரலுக்கு உண்மையிலேயே ஏதாவது வேண்டுமா? இதுவே தீர்மானிக்கிற கேள்வி. 8.4-இல் மட்டுமே உள்ள எதையும் நிரல் பயன்படுத்தவில்லை என்றால் 8.0-ஐ இன்னொரு வெளியீட்டுக்கு வைத்திருக்கலாம். ஆனால் வெறும் ‘8.0’ என்று எழுதாமல் செக் வேலை செய்கிற 8.0.16 என்று எழுதுவது நல்லது. எதுவோ வேண்டும் என்றால் தயங்காமல் உயர்த்தலாம், காரணத்தையும் எழுதலாம். ‘புதியது நல்லது’ என்பது காரணம் ஆகாது.

4. மிகப் பழைய பதிப்பில் சோதனை ஓடுகிறதா? ஓட்ட ஆள் இல்லை, இயந்திர நேரம் இல்லை என்றால், மற்ற பதில்கள் எதுவாக இருந்தாலும் அந்தப் பதிப்பைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் 14-ஐப் பொறுத்தவரை, இந்த வெளியீட்டில் எச்சரிக்கை காட்டி, அடுத்ததில் விடுவது பயனருக்கு நியாயமான அவகாசம்.

முடிவெடுத்தபின் அறிவிப்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாத ஒரு விதி: சின்னத் திருத்த வெளியீட்டில் குறைந்தபட்சத்தை உயர்த்தவே கூடாது. 3.2.4-இலிருந்து 3.2.5-க்கு மாறுகிறவர் ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்க வருகிறார். அவரிடம் ‘முதலில் உன் டேட்டாபேஸை மாற்று’ என்றால், அவர் ஓட்டையோடு திரும்பிப் போய்விடுவார்.

நிரலில் சரிபார்க்கும்போது

சரிபார்ப்பு நடக்க வேண்டியது இணைப்பு ஏற்பட்டவுடன், மைக்ரேஷன் தொடங்குமுன். பாதி டேபிள்கள் மாறியபின் நிற்பது எல்லாவற்றையும்விட மோசம். மைஎஸ்க்யூஎல்லில் டேபிள் அமைப்பு மாற்றங்களை ரோல்பேக் செய்ய (பழைய நிலைக்குத் திருப்ப) முடியாது என்பதால் அங்கே இது இன்னும் முக்கியம். செய்தியில் வேண்டியது எது, இருப்பது எது என்று இரண்டும் இருக்க வேண்டும். தொடக்கத்தில் பார்த்த ஜாங்கோ செய்தி அந்த வகையில் நல்ல செய்தி.

பதிப்பு எண்ணை எழுத்துச்சரமாக ஒப்பிடுவது பழைய தவறு. எழுத்து வரிசையில் ‘10’ என்பது ‘9’-க்கு முன்னால் வரும்; அப்படி ஒப்பிடும் நிரல் போஸ்ட்கிரெஸ் 10-ஐ 9.6-ஐவிடப் பழையது என்று நினைத்துத் திருப்பி அனுப்பும். போஸ்ட்கிரெஸே பதிப்பை முழு எண்ணாகவும் தருகிறது: 14.5 என்றால் 140005. அதை ஒப்பிட்டால் குழப்பமில்லை. மரியாடிபி 10 தொடரில் இன்னொரு பொறி: இணைப்பின் தொடக்கத்தில் சர்வர் தன் பதிப்பை ‘5.5.5-10.4.32’ என்று சொல்லும். தரவை இன்னொரு சர்வருக்கு நகலெடுக்கும் பழைய மைஎஸ்க்யூஎல் ரெப்ளிகேஷன் குழம்பாமல் இருக்கச் சேர்த்த முன்னொட்டு அது. முதலில் தென்படும் எண்ணை எடுக்கும் நிரல், மரியாடிபி 10.11-ஐக்கூட 5.5.5 என்று படித்துவிடும்.

சரி, எக்ஸாம்ப்போடு மாட்டிக்கொண்டவர் என்ன செய்யலாம்? கற்றுக்கொள்வதுதான் நோக்கம் என்றால் ஜாங்கோவின் இயல்பான எஸ்க்யூலைட்டே போதும். பைத்தானோடு வந்துவிடும், சர்வரே வேண்டாம். மரியாடிபிதான் வேண்டும் என்றால் எக்ஸாம்ப்பை நம்பாமல் 10.11-ஐத் தனியாக நிறுவி, எக்ஸாம்ப்பில் மைஎஸ்க்யூஎல் பொத்தானை நிறுத்திவிட்டு, 3306 போர்ட்டைப் புதியதற்குக் கொடுக்கலாம். நிறுத்துவதற்கு முன் பழைய தரவை டம்ப் எடுத்துவைத்து, புதியதில் ஏற்றிப் பார்த்து, ஒவ்வொரு டேபிளிலும் வரிசை எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்த பிறகே பழையதைத் தொட வேண்டும். ஜாங்கோ 4.2 மரியாடிபி 10.4-ஐ ஏற்கும் என்பது உண்மை. ஆனால் அந்த வெளியீட்டின் பாதுகாப்பு ஆதரவு 2026 ஏப்ரல் வரைதான். புதிதாகத் தொடங்குகிற ஒன்றை அதன்மேல் கட்ட வேண்டாம்.